இருவாச்சிக் குஞ்சும் இறக்குமதித் தீர்வையும்

ஒரு காட்டில், ஆற்றுக்கு இந்தப் பக்கம், மெய்யப்பன் என்றொரு தேவாங்கு இருந்தான். கல்யாணம், காதுகுத்து என்று காட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் போட்டோ எடுப்பவன் அவன்தான். கெட்டிக்காரன். ஆனால் பொய் சொல்லத் தெரியாது. யானை வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணின் அம்மா, "போட்டோல நான் குண்டா தெரியறேனா தம்பி?" என்று ஆசையாகக் கேட்க, "ஆமாங்க, ஓரத்துல கொஞ்சம் வெட்டிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் பந்தியில் இடம் கிடைக்காமல் திரும்பியவன்.

அவனைத் தேடி ஒருநாள் வைரவன் என்கிற இருவாச்சிப் பறவை வந்தார். அவர் மனைவி சிகப்பி உயரமான மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு அடைகாத்து வந்தாள். குஞ்சு வளர்ந்ததும் தாயும் பிள்ளையும் அடைப்பை உடைத்துக்கொண்டு வெளியே வருவார்கள். அதைப் படம் எடுக்க வேண்டும்.

"போன தடவையும் நீங்கதான் எடுத்தீங்க தம்பி. இதான் உங்க மகன்னு ஒரு புள்ளியைக் காட்டுனீங்க. மகன் பறந்து போயிட்டான். அந்தப் புள்ளிதான் வீட்ல இருக்கு" என்றார் வைரவன். "சிகப்பிக்கு இனிமே உடம்பு தாங்காது. இதுதான் கடைசிக் குஞ்சு."

மெய்யப்பனுக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அத்தனை உயரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டப் பெரிய லென்ஸ் வேண்டும். இக்கரையில் அதன் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். அக்கரையில் நீர்நாய் கடையில் பாதி விலை என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். அப்படிச் சொன்ன யாரும் அங்கே போய் எதையும் வாங்கியவர்கள் இல்லை.

விலையாகக் கொடுக்க, சேர்த்து வைத்திருந்த தேனையெல்லாம் மூங்கில் குழாய்களில் அடைத்துக்கொண்டு, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டினான். நீர்நாய் கடையில் லென்ஸை மாட்டிப் பார்த்தான். வானத்தில் பறந்த பருந்தின் மூக்கில் இருந்த தழும்பு தெரிந்தது. உண்மையிலேயே பாதி விலைதான். மீந்த தேனோடு, பில்லையும் கேட்டு வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பினான்.

இக்கரையில் ஏறியதும் சுங்க அலுவலகம். அதிகாரி தண்டபாணி, காட்டுப்பன்றி. வரிசையில் மெய்யப்பனுக்கு முன்னால் ஒரு நரி நின்றது. அதன் மூட்டை கலகலவென்று சத்தம் போட்டது.

"என்னய்யா அது?"

"மாமியாருக்குக் கஷாயம் சார்."

"சத்தம் வருதே?"

"கெட்டிக் கஷாயம் சார்."

"சரி, போ."

அடுத்து மெய்யப்பன். கேட்பதற்கு முன்பே லென்ஸையும் பில்லையும் மேசைமேல் வைத்தான். தண்டபாணி பில்லை முகர்ந்து பார்த்தார்.

"இவ்ளோதான் விலையா? நம்பற மாதிரி இல்லையே. இதோட விலையை நாங்க முடிவு பண்ணுவோம்."

முடிவு பண்ணினார். அதற்குத் தீர்வை. தீர்வைக்கு மேல் காட்டு நலக் கட்டணம். கணக்குப் போட்டு முடிக்கும்வரை லென்ஸ் மேசையில் இருந்ததற்கு இட வாடகை. பாதி விலை போய், முழு விலையையும் தாண்டிக்கொண்டிருந்தது.

"கழுத்துல என்ன?"

"என்னோட பழைய கேமரா சார்."

"போகும்போது அத்தாட்சி வாங்குனியா?"

"என்னோடதுக்கு எதுக்கு சார் அத்தாட்சி?"

"அப்ப இதுவும் இறக்குமதி."

மெய்யப்பன் முழித்தான்.

"ஏன்யா தேவாங்கு மாதிரி முழிக்கிறே?" என்று அதட்டிய தண்டபாணி, சட்டென்று எழுந்து கிட்டே வந்தார். "இரு, இரு. மூக்குக்கு ரெண்டு பக்கமும் பளபளன்னு வச்சிருக்கியே, அது என்ன?"

"கண்ணு சார்."

"இந்த சைஸ்ல எவனுக்குய்யா கண்ணு இருக்கு? எங்க வாங்குனே?"

"பொறக்கும்போதே இருந்துச்சு சார்."

"எங்க பொறந்தே?"

இக்கரை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நரியாக இருந்தால் அதிகாரியின் சொந்த ஊர் என்றே சொல்லியிருக்கும்.

"அக்கரையில சார். கைக்குட்டியா இருக்கும்போது அம்மா வயித்துல தொத்திக்கிட்டு வந்தேன்."

தண்டபாணியின் முகம் மலர்ந்தது. அன்றிலிருந்து இன்றுவரை வட்டி போட்டார். மீந்த தேன் முழுவதும் லென்ஸுக்கும் கேமராவுக்குமே சரியாகிவிட்டது. கண்ணுக்குக் கட்ட ஒரு சொட்டு இல்லை.

"மேல்முறையீடு பண்ணலாம். மழைக்காலம் முடிஞ்சு விசாரிப்பாங்க."

அந்த நேரம் பார்த்து மேலே பறந்த மைனா, சிகப்பி அடைப்பைக் கொத்த ஆரம்பித்துவிட்டதாகக் கத்திக்கொண்டு போனது.

"சார், அதுவரைக்கும் குஞ்சு காத்திருக்காது சார்" என்று மெய்யப்பன் காலில் விழுந்தான்.

தண்டபாணியும் பிள்ளைகுட்டிக்காரர். இரக்கப்பட்டார். "பயன்படுத்தாத சரக்கை முத்திரை வச்சு அனுப்ப வழி இருக்கு. கண்ணை மூடு."

மூடிய இமைகளின் மேல் களிமண்ணை அப்பி, தன் குளம்பால் முத்திரை குத்தினார். "தீர்வை கட்டுற வரைக்கும் பிரிக்கக் கூடாது. பிரிச்சா பறிமுதல்."

கிளை கிளையாகத் தடவி, வழியில் போனவர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டு, மெய்யப்பன் மரத்தடிக்குச் சரியான நேரத்தில் வந்து சேர்ந்தான். மண் உதிரும் சத்தம் கேட்டது.

"வர்றா தம்பி! மேலே பாருங்க! இடது பக்கம்! உங்க இடது இல்ல, என் இடது!" என்று வைரவன் கதறினார்.

இறக்கைச் சத்தம் வந்த திசையில் லென்ஸைத் திருப்பி அழுத்தினான். இன்னொரு சின்ன இறக்கையின் சத்தம் தடுமாறி எழுந்து, தலைக்கு மேலே சுற்றி, தூரத்தில் போய்க் கரைந்தது.

"அண்ணே, வந்திருக்கா?"

வைரவன் படத்தைப் பார்த்தார். அதில் ஒரு கிளை இருந்தது. கிளையில் ஓர் எறும்பு போய்க்கொண்டிருந்தது. அதன் கால்மயிர்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. லென்ஸைக் குறை சொல்வதற்கில்லை. பிறகு அவர் மெய்யப்பனின் முகத்தையும், இரண்டு கண்ணிலும் பதிந்திருந்த குளம்படியையும் பார்த்தார்.

"முழுசா வந்திருக்கு தம்பி. தாயும் பிள்ளையும். குஞ்சு உங்களைப் பார்த்துச் சிரிக்குது."

வாழ்நாளில் பொய்யே சொல்லாததால், பொய் எப்படி இருக்கும் என்பது மெய்யப்பனுக்குத் தெரியவில்லை. பட்டதெல்லாம் வீண்போகவில்லை என்று மண்ணுக்குள்ளேயே அழுதான். முத்திரை கரைந்துவிடுமோ என்ற பயத்தில் உடனே நிறுத்திக்கொண்டான்.

நீதி: எல்லை தாண்டி வரும் சரக்குகளில் பொய் ஒன்றுக்குத்தான் தீர்வை கிடையாது. உற்றார் உறவினருக்கு ஏதாவது வாங்கி வர நினைப்பவர்கள் அதையே வாங்கி வரவும்.