கட்டிலைப் பிடித்துக்கொண்ட டிபன் கேரியர்கள்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். நலமில்லாதது என் கட்டில் ஒன்றுதான். அதன்மேல் நீ தேடிச் சேர்த்துப் பார்சலில் அனுப்பிய பழைய ஆலை டிபன் கேரியர்கள் படுத்திருக்கின்றன. நான் அடுப்படியில் பாய் விரித்துக் கிடக்கிறேன்.

உன் வாடகை அறை சின்னது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக எந்த ஆலையை இடித்தாலும், எவனோ தின்றுவிட்டுக் கழுவாமல் போட்டுப்போன டப்பா நம் வாசலில் வந்து இறங்க வேண்டுமா? ஒன்றுக்குக் கைப்பிடி இல்லை, இன்னொன்றுக்கு அடியே இல்லை. அதற்கு ‘அரிய வகை’ என்று சீட்டு வேறு ஒட்டியிருக்கிறாய். அரியதுதான், அதில் சாப்பிட்டவன் பட்டினியிலேயே போயிருப்பான். மூடியில் மூன்று கீறல் உள்ளதற்கு, ‘தொழிலாளர் குலச்சின்னமாக இருக்கலாம்’ என்று உன் ஆராய்ச்சி. எட்டாம் வகுப்பு தாண்டாமல் ஆலை வேலைக்குப் போன நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். சோறு ஆறாமலிருக்க எல்லாரும் கொதிகலன் பக்கத்துப் பலகையில் டப்பாவை வைப்போம். முட்டை உள்ளதை அடுத்தவன் தூக்கிவிடக் கூடாதென்று ஆணியால் இழுத்த கோடு அது. நானே நாலு கோடு இழுத்தவன், அப்படியும் முட்டை போனது.

போன வாரம் உன் அம்மா, “உங்க பையன் சாமான் ஒரு நாளாவது உருப்படியா வேலை செய்யட்டும்” என்று அதில் ஒன்றில் எனக்குச் சோறு கட்டிவிட்டாள். ஓய்வூதிய அலுவலகத்தில் காத்துக் கிடந்து, பசியோடு திறந்தால் கொக்கி அசையவில்லை. பக்கத்திலிருந்தவர் இழுத்தார், காவலாளி இழுத்தார், “பெரியவரே, உள்ள என்ன நகையா வச்சிருக்கீங்க?” என்று கேட்டுக்கொண்டே குமாஸ்தாவும் வந்து இழுத்தார். கடைசியில் சைக்கிள் கடைக்காரர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்ட, மூடி ஒரு பக்கம் போயிற்று, சோறும் என் மானமும் சேர்ந்து தெருவுக்குப் போயின.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போ. இல்லையென்றால் பழைய இரும்புக்காரர் அள்ளிக்கொண்டு போவார். எனக்குக் கட்டில் வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, அடி உள்ள தட்டில் சாப்பிடு.

ஆசிகளுடன்,
முதுகு பிடித்த அப்பா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் இரும்புக்காரர் வந்துவிட்டார், நான்தான் சொல்லியனுப்பியிருந்தேன். மூட்டையில் அடங்க வேண்டுமென்று முதல் கேரியரைத் தரையில் வைத்து மிதிக்கக் காலைத் தூக்கினார்.

“காலை எடுய்யா” என்றேன்.

“மிதிக்காம எப்படிண்ணே கொண்டு போறது?”

“நீ ஒண்ணும் கொண்டு போக வேணாம், கிளம்பு.”

கிளம்பும்போது பார்த்தால் அவர் வண்டியில் மூடி நசுங்கிய கேரியர் ஒன்று கிடந்தது, அதையும் வாங்கி வைத்திருக்கிறேன். உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஓர் அலமாரி கொண்டு வா. பூட்டு உள்ளதாக இருக்கட்டும். சாவி என்னிடம் இருக்கும்.