மூலம் என்று சொன்ன வெள்ளைக் கம்ப்யூட்டர்

பார்க்க லட்சணமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நான் ஒரு பொருளை வாங்கினேன். அது என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

அப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு பம்ப் கம்பெனியில் விளம்பர நோட்டீஸ் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். அங்கே மேக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து தலைக்கனம் ஏறிவிட்டது. (விண்டோஸ் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அவ்வளவு திமிர்!) அப்பாவுக்குக் கடம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்தில் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை. அவருடைய பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட, புதிதாக வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"எத வேணா வாங்கு. ஜாதக சாஃப்ட்வேர் ஓடணும், அவ்ளோதான்," என்றார் அப்பா.

அந்த சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். புத்தி உள்ளவள் விண்டோஸ் கம்ப்யூட்டர் வாங்கியிருப்பாள். நான் வெள்ளை வெளேரென்று ஒரு மேக்கை வாங்கி, அதற்குள் விண்டோஸை ஓட்டும் வித்தை ஒன்றைப் போட்டு, அதற்குள் ஜாதகத்தைப் போட்டேன். ஓடியது. (நொண்டியது என்பதே சரி.)

அந்த வாரமே சம்பத் வீட்டார் வந்தார்கள். சம்பத் எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் இருந்தவர். இரண்டு வருஷக் காதல். அவருடைய அப்பா ஆர்.கே.பேட்டையில் கரும்பு போடுகிறவர். பொருத்தத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பேச்சே கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டு, மனைவி மகனோடு நேரே கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

அப்பா முதலில் சம்பத்தின் பிறந்த தேதியை அடித்தார். அவர் இருபத்தைந்தாம் தேதிக்காரர். ரோகிணி என்று வந்தது. "கரெக்டா சொல்லுதே," என்று மாமா மெஷினை மெச்சினார். (மனசுக்குள் அப்போதே மாமாவாக்கிவிட்டேன்.)

அடுத்தது நான். மார்ச் ஆறு, உத்திர நட்சத்திரம். பிறந்ததிலிருந்து கோயில் அர்ச்சனையில் சொல்லும் நட்சத்திரம். அப்பா ஆறு, மூன்று என்று அடித்தார்.

திரையில் மூலம் என்று வந்தது.

பெண் மூலம் என்றால் மாமனாருக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் யாரும் தொடமாட்டார்கள். அதனால் நட்சத்திரத்தையே மாற்றிச் சொல்லிக் கட்டிக்கொடுப்பவர்களும் உண்டு. ஆகாத மாமனாரோ எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"உத்திரம்னீங்களே, இன்னா இது? மறைச்சி கட்டி வெக்கலாம்னு பாத்தீங்களா? என் உசுருக்கே உலை வெக்கிறீங்களே," என்றார் மாமா.

அப்பாவோ மெஷின் பொய் சொல்லாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிப் பிழைத்தவர். அதனால் மெஷினை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற அம்மாவைச் சந்தேகப்பட்டார்.

"ஏம்மே, இவ ஆறாந்தேதிதான் பொறந்தாளா? நல்லா ரோசன பண்ணி சொல்லு."

"பெத்தவளாண்டயே கேக்குறியா?" என்றாள் அம்மா.

மாமா எழுந்து ஒரு செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டார். சம்பத் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று அழ ஆரம்பித்தேன். அதுவரை வாயே திறக்காத சம்பத்தின் அம்மா அப்போதுதான் பேசினார்.

"என்னுத போட்டுப் பாருங்க. ஏப்ரல் எட்டு. நான் ரேவதி."

அப்பா அடித்தார். ஆயில்யம் என்று வந்தது. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது.

மாமா ஒற்றைச் செருப்போடு திரும்பினார். "அப்போ எங்கம்மா போனது..."

"உங்கம்மா தொண்ணூறு வயசுல போனாங்க. ஒண்ணு, இந்த மிஷினு பேஜாரு பண்ணுது. இல்ல, எங்கப்பாவும் உன்ன ஏமாத்திட்டாரு. எதுன்னு நீயே சொல்லு."

மாமா மாட்டிய செருப்பைக் கழற்றினார். சம்பத் திரையைக் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னா, ஜூன் மூணுன்னு போட்டுக்கீது?" என்றார்.

நான் உள்ளே போட்ட விண்டோஸ், அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படித்திருந்தது. இருபத்தைந்தாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் சம்பத் மட்டும் தப்பித்தார். அந்தத் தேதி அமைப்பை நான் ஏறெடுத்தும் பார்த்திருக்கவில்லை. மாற்றி அடித்ததும் உத்திரம் வந்தது, பொருத்தமும் வந்தது, கல்யாணமும் நடந்தது.

இன்றைக்கும் குழம்பில் உப்பில்லை என்று மாமா குரலை உயர்த்தினால், அத்தை அடுப்படியிலிருந்தே சொல்வார்: "பாத்து பேசு. உனக்கு ஆவாதவ ஒருத்தி, உங்கம்மாவுக்கு ஆவாதவ ஒருத்தி. எங்க ரெண்டு பேரு கையாலதான் நீ சோறு துன்னுக்கினு கீற."

மாமா தானே உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுவார்.