சிகரத்திலிருந்து வந்த கல்

காலை ஆறு மணிக்கு வெண்டலின் சமையலறையில் நின்றபடியே கைப்பேசியில் வைஸ்கிராட் சிகரத்தின் நேரலைக் கேமராவைப் பார்த்தார். ஒரு மேகத்துண்டுகூட இல்லை. வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி பளபளத்தது. அவர் அவசரமாகக் கைப்பேசியை அணைத்தார்.

"மேல எப்படியிருக்கு?" படுக்கையறையிலிருந்து யோலாண்டாவின் குரல்.

"ஒரே மூட்டம். ஒண்ணுமே தெரியல."

"நம்ம ஜன்னல்லேர்ந்து பாத்தா பளிச்சுனு தெரியுதே?"

"கீழேர்ந்து பாத்தா அப்படித்தான் தெரியும். தெற்குக் காத்து வரப்போகுது. மலைக்காரனுக்குத்தான் அதெல்லாம் புரியும்."

யோலாண்டா பாசல் நகரத்துக்காரி. சமவெளியில் பிறந்தவள். மலையைப் பற்றி வெண்டலின் என்ன சொன்னாலும் தலையாட்டுவாள். முப்பத்தோரு வருட இல்லறத்தை அவர் இந்த ஒரு வசதியை வைத்தே ஓட்டிவந்தார்.

விஷயம் இதுதான். மார்ச் பன்னிரண்டாம் தேதி யோலாண்டாவுக்கு அறுபது வயது நிறைந்தது. விருந்தினர் எல்லாரும் இருக்கும்போது, பரிசாக என்ன வேண்டும் என்று வெண்டலின் வீராப்பாகக் கேட்டுவிட்டார். ஒரு காப்பி இயந்திரம் கேட்பாள் என்று நினைத்தார்.

"ஒரு நாள் உன்கூட ரோப் கார்ல சிகரத்துக்குப் போகணும். எத்தனையோ தடவை போயிருக்கேன், உன்கூட ஒரு தடவைகூடப் போனதில்ல" என்றாள் அவள்.

போகாததற்குக் காரணத்தை வெண்டலின் யாரிடமும் சொன்னதில்லை. அவருக்கு உயரம் என்றால் பயம். சாதாரணப் பயம் இல்லை. ஏணியில் மூன்றாவது படியிலேயே ஆரம்பிக்கும் பயம். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பராமரிப்பாளர் அவர். ஆனால் இருபத்தாறு வருடத்தில் ஒரு விளக்கைக்கூட அவர் கையால் மாற்றியதில்லை. "ஆசிரியர்களுக்கும் கொஞ்சம் உடற்பயிற்சி வேணும்ல" என்று சொல்லி அவர்களையே ஏற்றிவிடுவார்.

இதை மனைவியிடம் சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்பீர்கள். சொல்ல முடியாது. கூடத்து அலமாரியில் ஒரு கல் இருக்கிறதே!

யோலாண்டா இளம்பெண்ணாக இந்த ஊர் விடுதிக்கு வேலைக்கு வந்தபோது அவளைச் சுற்றி நான்கு பேர் வளையவந்தார்கள். ஒருவன் பனிச்சறுக்குப் பயிற்சியாளன், இன்னொருவன் மலைமீட்புக் குழுவில் இருந்தான். வெண்டலின் ஒரு நாள் கையளவுக் கல்லைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். "தனியா வைஸ்கிராட் உச்சிக்கு ஏறிப் போய் உனக்காக எடுத்துட்டு வந்தேன்" என்றார். ஓரத்தில் ஒரு மஞ்சள் பெயிண்ட் பொட்டு இருந்தது. "சிகரத்து வழிக்குறி" என்று அதற்கும் ஒரு விளக்கம் கொடுத்தார். அந்தக் கோடையிலேயே கல்யாணம் முடிந்தது. கல் உண்மையில் சீஸ் கடைக்குப் பின்னாலிருந்த நடைபாதையில் கிடந்தது.

அன்றிலிருந்து யார் வீட்டுக்கு வந்தாலும் யோலாண்டா கல்லைக் கையில் எடுத்துக் காட்டுவாள். "மத்தவங்களுக்கெல்லாம் மோதிரம். எனக்கு மலையுச்சி. இதுக்காகத்தான் இவனைக் கட்டிக்கிட்டேன்" என்பாள். வெண்டலினுக்கு ஒவ்வொரு முறையும் காது சிவக்கும். விருந்தினர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஆக, பயத்தைச் சொன்னால் கல் பொய்யாகும். கல் பொய்யானால் கல்யாணமே பொய்யாகும். அவர் கணக்கு அப்படி.

முதல் ஐந்து வாரம் வானிலை கைகொடுத்தது. காற்று, மூட்டம், பனி என்று தினமும் ஒன்றைச் சொன்னார். ஒரு சனிக்கிழமை யோலாண்டா பெரிய பையோடு வந்தாள். உள்ளே இரண்டு பேருக்கும் மழை, காற்று, பனி மூன்றையும் தாங்கும் சட்டைகள், கையுறைகள், காதுவரை மூடும் தொப்பிகள்.

"இனிமே எந்த வானிலையா இருந்தாலும் பரவால்ல. எப்போ போலாம்?"

வெண்டலின் உடனே முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"முட்டி வலி தாங்கல யோலா."

"அதுக்குத்தானே ரோப் கார்? உன்னை யாரு நடக்கச் சொன்னா? எட்டு நிமிஷம் சும்மா நின்னா மேல போயிடலாம். அடியில முந்நூறு மீட்டர் பள்ளம், காத்துல ஆடிக்கிட்டே... என்ன, மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?"

"முட்டி" என்றார் வெண்டலின் ஈனக்குரலில்.

திங்கட்கிழமையே அவள் மருத்துவரிடம் இழுத்துப்போனாள். மருத்துவர் முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, இருபது வயதுக்காரனுடைய முட்டி என்று சான்று கொடுத்துவிட்டார். இனி அந்த முட்டியை எதற்கும் பயன்படுத்த முடியாது.

வழி கடைசியில் தானாகவே வந்தது. மாதாமாதம் ஊராட்சி வண்டி எடுத்துப்போகப் பழைய செய்தித்தாள்களை அடுக்கி, குறுக்கும் நெடுக்குமாகச் சணல் கட்டி வாசலில் வைக்கவேண்டும். அந்தக் கட்டு கட்டுவதில் தெருவிலேயே வெண்டலினை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அன்றும் உட்கார்ந்து கட்டினார். அடுக்கின் உச்சியில் ஊர்ச் செய்தித்தாள் விரிந்து கிடந்தது. யோலாண்டா எந்தத் தாளையும் நான்காக மடித்துத்தான் போடுவாள். இதை மட்டும் எப்படியோ மறந்திருக்கிறாள். அதில் கட்டம் கட்டி ஓர் அறிவிப்பு: வைஸ்கிராட் ரோப் கார், வசந்தகாலப் பராமரிப்புக்காக ஏப்ரல் 27 முதல் மே 15 வரை ஓடாது.

வெண்டலின் அதை இரண்டு முறை படித்தார். பிறகு தாளைக் கட்டின் நடுவில் ஒளித்துவைத்து, வழக்கத்தைவிட இரண்டு முடிச்சு அதிகமாகப் போட்டார்.

"யோலா!" என்று கூவினார். "ஏப்ரல் இருபத்தெட்டு! செவ்வாய்க்கிழமை! சிகரத்துக்குப் போறோம்!"

"நிஜமாவா?" ஈரக்கையோடு ஓடிவந்தாள் அவள். "வானிலை?"

"வானிலையாவது ஒண்ணாவது. மலைக்காரன் சொல்றேன், அன்னிக்குப் பிரமாதமா இருக்கும்."

திட்டம் எளிமையானது. போவார்கள், நிலையம் மூடியிருக்கும், அவர் நெற்றியில் அடித்துக்கொள்வார், கீழே எங்காவது கேக் தின்றுவிட்டு வீடு திரும்புவார்கள். முயற்சி செய்த நல்ல கணவன் என்ற பெயர் மிஞ்சும். அடுத்த அழைப்பு வர ஒரு வருடமாவது ஆகும்.

இத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் நடக்கவே நடக்காத பயணம் என்று தெரிந்ததும் மனிதருக்குத் துணிச்சல் பொங்கிவிட்டது. நேர அட்டவணை ஒன்றைத் தயாரித்தார். 7.42க்குப் பேருந்து, 8.15க்கு முதல் ரோப் கார், 8.23க்குச் சிகரம், 8.30 முதல் 9 வரை மலைகளின் பெயர்களை அவர் விளக்குதல். அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார். சிகர மேடையில் கண்ணாடித் தரை இருக்கிறதாமே, அதில் படுத்துக் காட்டுகிறேன் என்றார். யோலாண்டாவின் அண்ணன் கீடோவுக்கும் அவரே தொலைபேசினார்.

"நீயும் வா மச்சான். சமவெளியிலயே கெடந்தா ரத்தம் உறைஞ்சிடும்."

"நீயா மாப்ள கூப்பிடற? போன தடவ நான் வந்தப்போ முதுகு வலின்னியே?"

"மலையைப் பாத்தா எனக்கு வலியெல்லாம் பறந்துடும்."

"இரு, கட்டாயம் வரேன். இதை நான் கண்ணால பாக்கணும்."

இருபத்தேழாம் தேதி சாயங்காலம் யோலாண்டா முதுகுப்பையில் ரொட்டி, சீஸ், தொத்திறைச்சி, ஃப்ளாஸ்க் எல்லாவற்றையும் அடுக்கினாள். கடைசியாக அலமாரியிலிருந்து கல்லை எடுத்துத் துணியில் சுற்றி வைத்தாள்.

"அது எதுக்கு?" வெண்டலின் பையைப் பிடித்துக்கொண்டார்.

"அது இருந்த எடத்துலயே வச்சு, பக்கத்துல நாம ரெண்டு பேரும் நின்னு படம் எடுத்துக்கணும். எடம் ஞாபகம் இருக்குல்ல?"

"ஞாபகம் இல்லாம என்ன" என்றார் வெண்டலின். நாளைக்கு நிலையம் மூடியிருக்கும் என்று மனதுக்குள் மூன்று முறை சொல்லிக்கொண்டார்.

மறுநாள் வானிலை பிரமாதமாகவே இருந்தது. பேருந்தில் கீடோ கல்லை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, இத்தனை வருஷமா நான் கவனிக்கல, மஞ்சப் பெயிண்ட் இருக்கு? மஞ்சக் குறி கீழ நடைபாதைக்குத்தானே? மலைப்பாதைக்கு வெள்ளை, சிவப்பு, வெள்ளைன்னுல்ல அடிப்பாங்க? எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துலயே சொல்லித் தந்தாங்க."

யோலாண்டா அண்ணனின் காலை ஓங்கி மிதித்தாள். "அந்தக் காலத்துல மேலயும் மஞ்சதான் அடிச்சாங்க. இல்ல வெண்டல்?"

"ஆமாமா, அந்தக் காலத்துல" என்றார் வெண்டலின். மனைவி இவ்வளவு நம்புகிறாளே என்று நெஞ்சு உறுத்தியது.

அடிவார நிலையத்தின் கதவு சாத்தியிருந்தது. குறுக்கே சிவப்பு வெள்ளைச் சங்கிலி, அதில் பலகை. வெண்டலின் ஒத்திகை பார்த்தபடி நெற்றியில் பளாரென்று அடித்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! பராமரிப்பாம்! இன்னிக்குப் போயி! நான் எவ்வளவு ஆசையா இருந்தேன் தெரியுமா யோலா?"

"மலைக்காரனுக்கே தெரியாம போச்சா மாப்ள?" என்றார் கீடோ.

"சரி விடு, நம்ம கையில என்ன இருக்கு? முக்குக் கடையில கேக் நல்லா இருக்கும். வாங்க, வாங்க."

அவர் திரும்பி நான்கு எட்டு வைத்திருப்பார். பின்னால் ஒரு பக்கக் கதவு கிறீச்சென்று திறந்தது. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி நிலையத்தின் தலைமை மெக்கானிக் மெல்க் வெளியே வந்தான். வெண்டலின் வேலை பார்க்கும் பள்ளியில் படித்து வளர்ந்தவன்.

"வெண்டல் அண்ணே! எங்க கிளம்பிட்டீங்க? சங்கிலியெல்லாம் வெளியூர்க்காரங்களுக்குத்தான். பெரிய பெட்டியைக் கழட்டிட்டோம். ஆனா வேலை வண்டி பத்து நிமிஷத்துல மேல போகுது. ஏறிக்குங்க!"

வேலை வண்டி என்பது பெட்டி இல்லை. கம்பிவலைத் தரை, நான்கு மூலையில் நான்கு கம்பி, இடுப்பளவுக்கு ஒரு சங்கிலி. கூரையும் இல்லை, சுவரும் இல்லை. வலை வழியாகக் கீழே ஓடும் ஓடை தெளிவாகத் தெரிந்தது.

"ஐயோ, இது இன்னும் ஜோரா இருக்கே!" என்று கைதட்டினாள் யோலாண்டா. "நம்ம அதிர்ஷ்டம் பாரு வெண்டல்!"

வெண்டலினுக்கு ஒரே ஒரு துரும்பு கிடைத்தது. இந்த நாட்டில் எதையும் நிறுத்தக்கூடிய துரும்பு அது.

"அனுமதி? விதிமுறைன்னு ஒண்ணு இருக்குல்ல மெல்க்? உன் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது பாரு. எனக்கு உன் மேலதான் கவலை."

மெல்க் ஒரு கணம் யோலாண்டாவைப் பார்த்தான். பிறகு வெண்டலினைப் பார்த்தான்.

"இன்னிக்கு மட்டும் ஒண்ணும் பிரச்சினை இல்லண்ணே."

கீடோ முதலில் ஏறி ஜம்மென்று நின்றார். யோலாண்டா கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். "வா வெண்டல், என் பக்கத்துல நில்லு" என்று கையை நீட்டினாள்.

வெண்டலின் வலது காலைக் கம்பிவலையில் வைத்தார். காற்றில் வண்டி லேசாக அசைந்தது. ஓடை அவருடைய காலுக்கடியில் ஓடியது. அவர் இரண்டு கையாலும் மூலைக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

"என்னால முடியாது யோலா!"

"என்ன முடியாது?"

"மேல போக முடியாது. எனக்குப் பயம். சின்ன வயசுலேர்ந்து பயம். ஏணிகூட ஏற மாட்டேன். நான் அந்தச் சிகரத்துக்குப் போனதே இல்ல. அந்தக் கல்லு... அந்தக் கல்லு சீஸ் கடைக்குப் பின்னாடி எடுத்தது." கம்பியை இன்னும் இறுக்கிக்கொண்டார். "மத்தவங்கள்லாம் மலையேறுறவங்க. என்கிட்ட என்ன இருந்துச்சு? நீ போயிடுவியோன்னு பயந்துதான் சொன்னேன். இன்னிக்கு மூடியிருக்கும்னு தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தேன். முப்பத்தோரு வருஷமா உன்னை ஏமாத்திட்டேன்."

  வெண்டலின் ஒரு கண்ணைத் திறந்தார். யோலாண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள். தீர்ந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். கம்பியை விட்டால் விழுந்துவிடுவோம் என்று அதை விடவும் முடியவில்லை.

மெல்க் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"அப்போ யோலாண்டா அக்கா, நீங்க பிறந்தநாளுக்கு முன்னாடி, பிப்ரவரியிலயே சொல்லிவச்ச மாதிரி அண்ணே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரு, இந்த வண்டியை உள்ள தள்ளிடவா? இதுல ஆள் ஏத்த எங்களுக்கு அனுமதியே கிடையாது, அதுவுமில்லாம நீங்க கொடுத்துவச்ச கேக்கும் காப்பியும் உள்ள ஆறிக்கிட்டு இருக்கு."