மூன்றாவது வேண்டாம்

தண்ணீர் இணைப்பு கேட்கிறவனுக்குத் தாகம் இருக்க வேண்டும். நான் பிழைக்கப் போன தேசத்தில் அது விதி. படிவத்தில் பதினாலாம் பத்தி. விதியை நான் குறை சொல்லவில்லை. தாகமே இல்லாதவனுக்குக் குழாய் எதற்கு?

எனக்கு வேண்டியதும் ஒரு குழாய்தான். பத்து வருஷம் அடுத்தவன் கடையில் இஸ்திரிப் பெட்டியோடு வெந்து, கடைசியில் சொந்தமாக லாண்டரி வைத்திருந்தேன். மூன்று மெஷின். ஒரு ஹோட்டல் மேனேஜரோடு ஒரு வாரம் மல்லுக்கட்டி, அவருடைய படுக்கை விரிப்பு மொத்தமும் என்னிடமே வரும்படி பேசி முடித்தாயிற்று. ஒண்ணாம் தேதி விரிப்பு வரும். தண்ணீர்தான் இன்னும் வரவில்லை.

தண்ணீர் அலுவலகத்தில், காதில் பென்சில் செருகிய அதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தார். நாற்காலியைக் காட்டினார்.

"காபி குடிக்கிறீங்களா?"

காலையிலிருந்து பச்சைத் தண்ணி பல்லில் படாமல் ஓடி வந்தவன் நான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. ஆனால் கேட்ட உடனே தலையாட்டினால் என்ன நினைப்பார்?

"வேண்டாங்க, இப்பதான் குடிச்சிட்டு வர்றேன்."

நம்மாட்கள் யாராக இருந்தாலும் இந்த இடத்தில் "அட, அரை கப்பாவது" என்பார்கள். "சரி, உங்களுக்காக" என்று சொல்லி ஒரே மடக்கில் முடித்திருப்பேன். விலை பேசுவதும் அப்படித்தானே. முதல் சுற்றில் எவன் மனசைக் காட்டுவான்?

"டீ?"

"அதெல்லாம் எதுக்குங்க."

"தண்ணி?"

"பரவால்லைங்க."

பேரம் சூடு பிடித்துவிட்டது, அடுத்து மறுபடி காபிக்கு வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. தன்னுடைய காபியை மட்டும் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டு, பென்சிலை எடுத்துப் பதினாலாம் பத்தியில் ஏதோ எழுதினார்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. "தாங்கள் எவ்விதப் பானமும் அருந்துவதில்லை என்பது தங்கள் வாய்மொழியாலேயே ஐயமற நிறுவப்பட்டுள்ளமையால், கடைக்கான விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. தங்கள் இல்லத்திலும் தேவையின்றிக் குழாய் இருப்பது இத்துடன் கண்டறியப்பட்டு, தங்கள் நலன் கருதித் துண்டிக்கப்படுகிறது."

கடிதத்தைப் படித்து முடித்தபோது சமையலறைக் குழாய் ஒரு தடவை செருமிவிட்டு நின்றது.

"அப்படி என்னதாங்க சொல்லித் தொலைச்சீங்க?" என்றாள் மனைவி.

"மரியாதையா நடந்துக்கிட்டேன்."

"ஆயுசுல ஒரே ஒரு நாள் மரியாதையா இருந்தீங்க. வீட்டுத் தண்ணி போச்சு."

மறுநாள் அந்த அலுவலகத்தின் கூரை அதிரக் கத்தினேன். "லாண்டரிய்யா! தண்ணி இல்லாம எச்சில் தொட்டா துவைக்கிறது?"

பென்சில்காரர் கோபப்படவில்லை. "துணி குடிக்கிறதுக்குத் தனிப் படிவம் சார். ஆனா ஆள் குடிக்கிறவர்னு நிரூபிச்சாதான் அந்தப் படிவமே தர முடியும்."

"நான் ஒரு நாளைக்குப் பத்து டம்ளர் குடிப்பேன்!"

"ஃபைல்ல பூஜ்யம்னு இருக்கே."

"சரி, எட்டுன்னு போடுங்க."

"பூஜ்யத்துக்கு மேல போறதுன்னா ஆய்வாளர் வீட்டுக்கு வந்து பார்க்கணும்."

ஆய்வாளர் வெள்ளிக்கிழமை வந்தார். அதற்குள் ஒண்ணாம் தேதி வந்து போய், கடையில் ஹோட்டல் விரிப்புகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. திங்களுக்குள் துவைத்துத் தராவிட்டால் வேறு கடைக்குப் போய்விடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

மனைவி சிரித்த முகமாகக் கதவைத் திறந்தாள். "வாங்க, உக்காருங்க. காபி குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேன். ரொம்ப நன்றி."

எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சு நின்றுபோயிற்று. சமையலறைக்குள் அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

"சொட்டுத் தண்ணி இல்லாத வீட்டுல எதுக்குக் கேட்ட?"

"வந்தவங்களக் கேக்காம இருப்பாங்களா? வேண்டாம்னு சொல்லுவாருன்னுதானே கேட்டேன்! கேட்ட வாய் மூடல, சரின்னுட்டாரு. என்ன வளர்ப்போ!"

வேறு வழியில்லை. வெறும் கப்பை அவர் முன்னால் வைத்து, உள்ளதைச் சொன்னேன். எங்களில் முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது, கேட்டவர் நிஜமாகத்தான் கேட்கிறாரா என்று பார்க்க. மூன்றாவது முறை சொல்வதுதான் பதில்.

ஆய்வாளர் கண்கள் பளபளத்தன. "அப்ப முதல் ரெண்டு வேண்டாமுக்கும் அர்த்தமே கிடையாதா?"

"கிடையவே கிடையாதுங்க!" என்று மேஜையில் ஓங்கி அடித்தேன். வாழ்க்கையில் நான் அடித்த அடிகளில் இது ஒன்றுதான் என் தலையிலேயே திரும்பி விழுந்த அடி. அன்றைக்கு அது தெரியவில்லை.

ஏனென்றால் சனிக்கிழமையே தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்கும் வந்தது, கடைக்கும் வந்தது. இரவு பகலாக மெஷின் ஓடி, திங்கள் காலையில் மேனேஜர் விரிப்பை முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார்.

அடுத்த மாதம் தண்ணீர் அலுவலகத்திலிருந்து என்னை அழைத்தார்கள். வாசலிலேயே பெரிய பலகை: "பிறர் பண்பாட்டை மதிப்போம்." ஊழியர் எல்லார் சட்டையிலும் "வேண்டாங்க" என்று பொறித்த பொத்தான். ஆய்வாளரின் அறிக்கை அங்கே நாகரிகமாகிவிட்டிருந்தது. இரண்டு குமாஸ்தாக்கள் காபி இயந்திரத்தின் முன்னால் நின்று, நீங்க குடிங்க, ஐயோ நீங்க குடிங்க என்று பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் உதடும் வெடித்திருந்தது.

பென்சில்காரர் புது சுற்றறிக்கையைப் பெருமையாக வாசித்தார். "இம்மக்கள் கூறும் முதல் இரு மறுப்புகளும் மரியாதை நிமித்தமானவையாதலின், அவை சம்மதமாகவே கொள்ளப்படும்." பிறகு ஒரு படிவத்தை எடுத்தார்.

"உங்க தெருவுல குழாய் மாத்தறோம். உங்க கடைத் தண்ணிய மூணு மாசம் நிறுத்தலாமா?"

"வேண்டாம்!"

சிரித்துக்கொண்டே ஒரு கட்டத்தில் குறி போட்டார். "நிறுத்தலாமா?"

"வேண்டாம்னு சொல்றேன்ல! ஹோட்டல் துணி மலை மாதிரி கிடக்குய்யா!"

இரண்டாவது கட்டத்திலும் குறி போட்டு, பென்சிலைக் காதில் செருகினார்.

"மூணாவது தடவை கேளுங்க! மூணாவதுதான் நிஜம்!"

"படிவத்துல ரெண்டு கட்டம்தான் சார் இருக்கு."

அடுத்த கால் மணி நேரம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. முடிவில் குரல் போய், தொண்டை காய்ந்து நாற்காலியில் சரிந்தேன். பென்சில்காரர் பரிவோடு குனிந்தார்.

"காபி குடிக்கிறீங்களா?"

பட்டதெல்லாம் போதும் என்று இருந்தது. "குடிக்கிறேன்," என்றேன், அவர் வாயை மூடுவதற்கு முன்னால்.

அவர் முகம் வெளுத்தது. குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா காபி இயந்திரத்தைப் பார்த்தார். யாருமே குடிக்காததால் அதைக் காலி செய்து, மின்வயரைச் சுருட்டி மேலே வைத்திருந்தார்கள்.

பென்சில்காரர் குமாஸ்தாவின் காதருகே போய்ச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"கேட்ட உடனே சரின்னுட்டாரே. என்ன வளர்ப்போ!"