நாற்பது டிகிரியில் ஒரு தேடல்

நாற்பது டிகிரிக்குச் சூடேற்றிய ஹாட் யோகா அறைக்குள் நுழைந்த அரை நிமிடத்தில் பளுதூக்கும் வீரரின் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து மூடிக்கொண்டது. கழற்றினால் இருபது பேரும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரிந்தார்கள். அவர்களில் யார் தன் மனைவி என்று கண்டுபிடிக்க வேண்டும்.

"என்னைவிட அந்த இரும்புதான் உங்களுக்கு முக்கியம்" என்று சொல்லிவிட்டு அவள் அக்கா வீட்டுக்குப் போய் நான்கு மாதம். முதலில் யார் போன் செய்வது என்பதிலேயே நாள் ஓடிவிட்டது. சாப்பிட உட்காரும்போது அவர் இன்னமும் இரண்டு தட்டு எடுத்து, ஒன்றைத் திரும்ப வைக்கிறார்.

அவள் மாலையில் இந்த வகுப்புக்கு வருவது அவருக்குத் தெரியும். ஜிம்மைக் காலைக்கு மாற்றிக்கொண்டு இங்கே சேர்ந்துவிட்டார். கேட்டவர்களிடம், இடுப்பு இறுகிப்போய்விட்டது, தோளில் பளுவோடு முழுசாக உட்கார்ந்து எழ முடியவில்லை, அதற்காகத்தான் என்றார்.

முதல் நாள், அவளைப் போலவே கொண்டை போட்ட உருவத்தின் பக்கத்தில் பாயை விரித்தார். குனிந்தபடி, "இன்னும் கோபமா?" என்று மெல்லக் கேட்டார்.

"எனக்கென்னங்க கோபம்? உங்க காலைக் கொஞ்சம் எடுத்துக்குங்க" என்றது ஆண் குரல்.

மறுநாள் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு போனார். வியர்வை கண்ணில் இறங்கித் தாரை தாரையாகக் கண்ணீர். மனபாரம் கரைகிறது, தடுக்காதீர்கள் என்று ஆசிரியை அவரைக் கண்ணை மூடிப் படுக்க வைத்துவிட்டார். வகுப்பு முடியும்வரை எழ விடவில்லை.

அதன்பிறகு முன்வரிசைக்கு இடம் மாறினார். எல்லோரும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

இதற்கிடையில் சொன்ன பொய் பலித்தது. இடுப்பு இளகியது. மூச்சு நீண்டது. மூன்றாவது வாரம், முன்பைவிடப் பத்து கிலோ கூடுதலாகத் தோளில் ஏற்றி, அடிவரை உட்கார்ந்து எழுந்தார். கோச் முதுகில் தட்டினார். ஓடிப்போய் அவளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. தனியாக வீட்டுக்குப் போனார்.

அன்று மாலை வெட்கத்தை விட்டு, யோகா நிலைய வரவேற்பில் இருந்த பெண்ணிடம் அடையாளம் சொல்லி விசாரித்தார்.

"அவங்களா? நின்னு மூணு வாரம் ஆச்சே சார்" என்றாள் அவள். "வீட்டுக்காரரைப் பாக்கணும்னு, அவர் பளு தூக்குற ஜிம்முல சாயங்காலம் சேந்திருக்காங்க. தினமும் போறாங்களாம், அவரைத்தான் காணோமாம்."