கராமுஸின் ஏழு தகப்பன்மார்

நாரின் ஆற்றங்கரையில் உள்ள அந்தச் சிறு நகரத்தின் பண்பாட்டு மாளிகையில் ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்யும் அறை ஒன்றே ஒன்றுதான். அதில் பெர்மெத் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்துவந்தாள். அதனாலேயே அந்த அறையின்மேல் எல்லோருக்கும் கண். குளிர்காலக் கண்காட்சி திருப்தியாக நடந்தால் அறை அவளுக்கு, நடக்காவிட்டால் மல்யுத்தச் சங்கத்துக்கு என்று பண்பாட்டு அதிகாரி இசாயெவ் பெருங்கருணையுடன் தெரிவித்திருந்தார்.

பிள்ளைகள் கராமுஸை வரைந்து தள்ளினார்கள். அப்போது ஊரெங்கும் கைமாறிக்கொண்டிருந்த சித்திரக்கதையின் வில்லன் அவன். ஓடையை உறையவைத்து, அந்தப் பனிக்கட்டியை ஊருக்கே விற்பவன். அவனை அடக்கும் நாயகனை ஒரு பிள்ளையும் வரையவில்லை. நாயகனுக்குப் பளிச்சென்ற பல்லைத் தவிர என்ன இருக்கிறது? கராமுஸுக்கோ கறுப்பு அங்கி, கன்னத்தில் தழும்பு, தூக்கம் கெட்ட கண்கள். பெர்மெத்தும் ஆசைப்பட்டு ஆளுயரத்துக்கு ஒருவனை வரைந்து நடுச்சுவரில் மாட்டினாள்.

இசாயெவ் தம் செயலாளர் ஷாயிர்கூலோடு பார்வையிட வந்தார். காய்ந்த தயிருருண்டை ஒன்றை வாயில் அதக்கியபடி படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"ஆழம் பத்தல தங்கச்சி."

"நிழல் இன்னும் கொஞ்சம் போடட்டுமாண்ணே?"

"நிழல் இல்லம்மா. ஆளுக்கு ஆழம். தலைநகர்ல இப்ப அதான் பேச்சு. ஆழமில்லாத வில்லனை எங்கயும் மாட்டக் கூடாதாம்."

"ஆழத்தை எதை வெச்சுண்ணே அளக்கிறது?"

இசாயெவ் ஷாயிர்கூலைப் பார்த்தார். ஷாயிர்கூல் கூரையைப் பார்த்தாள். மேலிடம் ஆழத்தை அனுப்பியிருந்ததே தவிர அளவுகோலை அனுப்பவில்லை. தெரியாது என்று சொல்லும் வழக்கமோ அந்த அலுவலகத்தில் இல்லை.

"மனுஷனுக்கு ஆழம் எது? ஏழு தலைமுறைத் தகப்பன் பேர். அது தெரியாதவன் மனுஷனா? இவனோட ஏழு பேர் எங்க?"

"இவன் பனிப்பாறையிலேர்ந்து பொறந்தவன்ணே. கதையே அப்படித்தான்."

"அதான் பாரு, வளர்ப்பு சரியில்ல. நாளைக் காலைல ஏழு பேரும் இருக்கணும். மல்யுத்தக்காரங்க பாயைச் சுருட்டி வாசல்லயே வெச்சிருக்காங்க."

பெர்மெத் தூரிகையை எடுத்தாள். ஏழு பேரைக் கற்பனை செய்வது பெரிய காரியமில்லை. ஆனால் கோவையாகச் சொல்லப்போனால், பேச்சு வந்த நாளிலிருந்து தகப்பன் அதட்டி அதட்டிச் சொல்லிக்கொடுத்த சொந்தக் குடும்பக் கோவைதான் நாக்கில் நிற்கிறது. கை தன் பாட்டுக்கு எழுதிற்று. அங்கியின் ஓரம் நெடுக எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. கராமுஸ் அவள் கூடப்பிறந்த அண்ணனாகியிருந்தான். அழிக்கலாமென்றால் வர்ணம் காய்ந்துவிட்டது.

காலையில் இசாயெவ் விரல் வைத்து வாசித்தார்.

"இப்பப் பாரு. என்ன ஆழம். ஷாயிர்கூல், படத்துக்குப் பின்னால முத்திரை போடு." பிறகு நெற்றியைச் சுருக்கினார். "இவ்வளவு நல்ல குடும்பத்துப் பிள்ளை ஓடையைத் திருடுமா? பாதுகாத்து வெச்சிருப்பான். இவன் வில்லனே இல்ல."

"கண்காட்சிக்கு 'வில்லன்'னு சுவரொட்டி அடிச்சாச்சே ஐயா," என்றாள் ஷாயிர்கூல்.

"அப்ப இன்னொரு வில்லன் வேணும். ஏழு பேர் தெரியாத ஆளாப் பார்த்துப் பிடிக்கணும். நீ சொல்லு பார்ப்போம்."

ஷாயிர்கூல் மூன்றாம் பேர் வரை வந்து இருமத் தொடங்கினாள்.

"சளி. விட்டுடு. பெர்மெத், நீ சொல்லு."

"நீங்கண்ணே?"

"கேக்கிறதுதான் என் பதவி. சொல்றதில்ல."

பெர்மெத்துக்குப் பயம் விட்டது. இது ஒன்றுதான் தெரிந்த பாடம். தடங்கலில்லாமல் ஏழையும் சொன்னாள்.

"நில்லு நில்லு. இது கராமுஸோடதாச்சே. முத்திரை விழுந்தாச்சு. உன்னோடதைச் சொல்லு."

"அண்ணே, அது எங்கப்பா. நான்தான் எழுதினேன்."

"அப்படி யார் வேணா சொல்லலாம்மா. அவன் வெறும் பனிக்கட்டி வித்தவன். நீ அவன் தகப்பனையே திருடுறியே."

பெர்மெத் ஹீட்டரைப் பார்த்தாள். "அப்ப அறை?"

"உனக்குத்தான். இனி நீதானே வில்லி. நீ இல்லாம கண்காட்சி எப்படி நடக்கும்?"

கண்காட்சி பெருவெற்றி. வந்தவர்கள் கராமுஸின் முன் நெஞ்சில் கைவைத்து நின்று, உதடசைத்து ஏழு பேரையும் மனப்பாடம் செய்துகொண்டு போனார்கள். நாளைக்கு யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே. பனி உருகுவதற்குள் ஊரில் பாதிப்பேர் அவன் உடன்பிறப்புகள். இசாயெவ் மேலிடத்து விருந்தொன்றில் அந்த ஏழையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்ததாகக் கேள்வி.

கதகதப்பான அறையில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து புது வில்லியை வரைந்தார்கள். கறுப்பு அங்கி, கன்னத்தில் தழும்பு, பெர்மெத்தின் மூக்கு. அவள் ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு சிறுமியின் தாளருகே நின்று பென்சிலை வாங்கி, கண்ணுக்குக் கீழே கருமையைக் கூட்டினாள்.

"பார்த்துப் போடு கண்ணு. ஆழம் பத்தல."