முளைக்காத தட்டு

ஆறாவது தட்டில் இன்றும் ஒன்றுமே முளைக்கவில்லை.

புள்ளி மேடம் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஆய்வகத்தில் கிருமிப் புள்ளிகளை எண்ணுவதே வேலை என்பதால் வந்த பெயர் அது. தட்டில் இருந்தது வேண்டாத கிருமிகளைக் கொல்லும் மருந்து கலந்த வளர்ப்பு ஊடகம், கிருமிகள் தின்று வளரும் கூழ். குடலுக்கு நல்லது செய்யும் கிருமி மட்டுமே அதில் முளைக்கும். கம்பெனியின் புது மாத்திரையை மேனேஜர் உட்பட ஊழியர்கள் ஆறு பேர் விழுங்கி, தினமும் காலையில் ஆளுக்கொரு டப்பாவில் மலம் கொண்டுவந்து தந்தார்கள். ஐந்து பேருடைய தட்டுகளில் புள்ளிகள் பொங்கி வழிந்தன. ஆறாவது டப்பா அவளுடையது.

"உள்ள சரக்கே இல்லையா மேடம்?" என்று சிரித்தார் மேனேஜர்.

புதிதாக ஊடகம் காய்ச்சினாள். மற்றவர்களுடையதில் புள்ளிகள் இரட்டிப்பாயின. அவளுடையதில் பூஜ்யம்.

அடுத்து, மருந்தே கலக்காத தட்டில் தடவினாள். சுவரைத் தொட்ட விரல் பட்டாலே முளைக்கிற தட்டு. இரண்டு நாள் கழித்துத் திறந்தால் பளபளவென்று இருந்தது. அவள் முகம்தான் அதில் தெரிந்தது.

வீட்டில் கணவனிடம் மணிக்கட்டை நீட்டினாள். "நாடி இருக்கா பாருங்க."

"இவ்ளோ பேசுற. இல்லாமலா?"

மறுநாள் யாருக்கும் தெரியாமல் தன் டப்பாவின் லேபிளையும் மேனேஜருடையதையும் மாற்றி ஒட்டினாள். இந்த முறை மேனேஜர் பெயர் ஒட்டிய தட்டு வெறிச்சோடிக் கிடந்தது.

"என் வயித்துல ஒண்ணுமே உயிரோட இல்லையா?" மேனேஜர் வியர்த்துப்போய் மனைவிக்குப் போன் போட்டு, பீரோ சாவி இருக்கும் இடத்தைச் சொல்லத் தொடங்கினார். புள்ளி மேடத்துக்கு உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லை.

"அப்ப செத்துப்போனது நீங்கதானா?" நாற்காலியைப் பின்னால் உருட்டிக்கொண்டார்.

மதியம் சாப்பாட்டு மேசையில் அவளைச் சுற்றி நான்கு நாற்காலிகள் காலியாக இருந்தன. தன் டப்பா யார் யார் கை மாறிப் போகிறது என்று யோசித்தாள். எழுந்து நேராகக் கழுவும் அறைக்குப் போனாள். பாத்திரங்களைக் கழுவி, ஆவியில் சுத்தம் செய்கிற அண்ணன் அங்கே இருந்தார்.

"அண்ணே, என் டப்பா ஃப்ரிட்ஜுக்குப் போறதுக்கு முன்னாடி எங்க இருக்கும்?"

"எங்கிட்டதாம்மா. நாத்தம் தாங்கல. அந்தப் பெரிய குக்கர்ல முக்கா மணி நேரம் அவிச்சுட்டுத்தான் உள்ள வைக்கிறேன்."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஐயோ அண்ணே! அதுல வச்சா எந்தக் கிருமியும் பிழைக்காது. அதான் மத்த அஞ்சு தட்டும் பொங்குது, என்னுது மட்டும் முளைக்கல! எனக்கு ஒண்ணும் இல்ல! நாளையிலேர்ந்து என் டப்பாவை மட்டும் அவிச்சிராதீங்க!"

அண்ணன் குக்கரைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்களோடத மட்டுமா? ஆறு டப்பாவையும்தானேம்மா மொத நாள்லேர்ந்து ஒண்ணா அவிக்கிறேன்!"